காதில் எண் போட்ட மான்

2019 அக்டோபரில் மகளின் பேறுகாலத்துக்காக அமெரிக்கா போனேன். விஸ்கான்சின் மாநிலம். அதன் தலைநகர் மாடிசன். அங்கிருந்து மேற்கே அரை மணி நேரம் காரில் போனால் மவுண்ட் ஹோரெப் என்று ஒரு சின்ன ஊர் வரும். மகள் வீடு அதற்குப் பக்கத்தில். அப்போது நான் கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடிப் பக்கம் கால்நடை ஆய்வாளராக வேலையில் இருந்தேன். பத்தியச் சமையலும் குழந்தைக் குளியலுமாக மூன்று மாத விடுப்பு ஓடிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆனால் அங்கே கேட்ட ஒரு மானின் கதை இன்றுவரை என்னை விடவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல். அறுபது கறவை மாடுகள் வைத்துப் பண்ணை நடத்தியவர், முழங்கால் ஒத்துழைக்காமல் எல்லாவற்றையும் விற்றுவிட்டார். நான் மாட்டு வைத்தியத் துறையில் இருக்கிறேன் என்று மகள் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. மறுநாளே ஒரு பழைய பிஸ்கட் டப்பாவோடு வந்தார். உள்ளே அவர் மாடுகளின் காதுவில்லைகள், எண் போட்டுக் காதில் மாட்டும் அடையாளத் துண்டுகள். மஞ்சள், வெள்ளை, ஒன்றிரண்டு ஆரஞ்சு. ஒவ்வொன்றையும் எடுத்து அந்த மாட்டின் பேரைச் சொன்னார். எனக்கு ஆங்கிலம் தடுமாறும், அவருக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் மடிநோய், சினை பிடிக்காதது, கன்று குறுக்கே நின்றது என்று கைஜாடையிலேயே ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த ஊரில் நவம்பர் கடைசியில் ஒன்பது நாள் மான் வேட்டைக்குத் துப்பாக்கி அனுமதி உண்டு. அந்த ஆண்டு 23ஆம் தேதி சனிக்கிழமை தொடங்கியது. பெட்ரோல் பங்கு, மளிகைக்கடை, சர்ச் வாசல், எங்கே பார்த்தாலும் ஆரஞ்சு நிறச் சட்டை. ஒருவரை ஒருவர் தவறிச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காகக் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சோ இளஞ்சிவப்போ போட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பள்ளிப் பிள்ளைகள்கூட அப்பா, தாத்தாவோடு காட்டுக்குப் போகிறார்கள். பொழுது விடியும் முன்னே பெரியவரும் கிளம்பிப் போனார்.

சாயங்காலம் வெறுங்கையோடு வந்தார். மரத்தில் கட்டிய பரணில் உட்கார்ந்திருக்கிறார். காலை எட்டு மணிக்கு நாற்பது கஜத்தில் ஒரு பெண்மான் வந்து நின்றிருக்கிறது. இரண்டு காதிலும் வில்லை, கழுத்தில் பட்டை. துப்பாக்கியைத் தோளில் வைத்தவர், வில்லையைப் பார்த்ததும் இறக்கிவிட்டார். “ஆராய்ச்சி செய்யறவங்க அத்தனை பாடுபட்டுப் பிடிச்சு மாட்டி விட்டிருக்காங்க. அதை நான் ஏன் கெடுக்கணும்?” என்றார். மகள் அதைத் தமிழில் சொன்னாள். நான் உடனே, “நல்ல காரியம் செஞ்சீங்கன்னு சொல்லு பாப்பா” என்றேன்.

மனதார அப்படித்தான் நினைத்தேன். எங்கள் ஊரில் காதில் வில்லை இருந்தால் அந்த மாட்டுக்கு ஒரு வீடு இருக்கிறது என்று அர்த்தம். யாரோ ஒருவர் சாயங்காலம் தொழுவத்தில் அதற்காகக் காத்திருக்கிறார். அப்படிப்பட்ட ஒன்றின் மேல் கை வைக்க எனக்கு மனம் வராது, அவருக்கும் வரவில்லை. இதில் பேச என்ன இருக்கிறது?

மாப்பிள்ளைதான் போனை எடுத்து, அந்த மாநிலத்து இயற்கை வளத் துறை என்ன சொல்கிறது என்று படித்துக் காட்டினார். வில்லையோ பட்டையோ உள்ள மானைச் சுடுவது சட்டப்படி சரி. அதைத் தேடிப்போய்ச் சுடவும் வேண்டாம், பார்த்து ஒதுங்கவும் வேண்டாம். வில்லை இல்லாத மானாக இருந்தால் சுடுவீர்களா மாட்டீர்களா என்று பார்த்து, அதையே இதற்கும் செய்யுங்கள். சுட்டால் எண்ணைச் சொல்லுங்கள், பட்டையைத் திருப்பிக் கொடுங்கள். அவ்வளவுதான். பெரியவர் போனை வாங்கி அதை இரண்டு முறை படித்தார். முகத்தில் திருப்தி இல்லை. எனக்கும் இல்லை.

அந்தப் பகுதியில் ஏன் மானுக்கு வில்லை மாட்டினார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். மான் மெலிந்து மெலிந்து சாகும் ஒரு நோய் அங்கே இருக்கிறது. கிருமி என்றுகூடச் சொல்ல முடியாது, பிரியான் என்று உருமாறிப்போன ஒரு புரதம். மூளையைத் தின்றுவிடும். மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. எச்சில், மூத்திரம், செத்த உடல் கிடந்த மண் என்று எதன் வழியாகவும் பரவும். விஸ்கான்சினில் 2002இல் முதன்முதலாகக் கண்டுபிடித்தது இதே மவுண்ட் ஹோரெப் பக்கத்து மான்களில்தான். இங்கே மான்கள் எதனால் சாகின்றன, துப்பாக்கியாலா, இந்த நோயாலா, கொயோட்டி என்கிற நரி போன்ற விலங்காலா, கார் மோதியா என்று பார்ப்பதற்காகத்தான் 2016இலிருந்து அந்த வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான மான்களைப் பிடித்து, பட்டை போட்டு, காதில் எண் மாட்டி விட்டார்கள். பனிக்காலத்தில் பெரிய மான்கள், வசந்தத்தில் பிறந்து சில நாளே ஆன குட்டிகள்.

அன்று இரவு குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து விடும்போது யோசித்துக்கொண்டே இருந்தேன். வில்லையைப் பார்த்து எல்லோரும் துப்பாக்கியை இறக்கினால் என்ன ஆகும்? வில்லை இல்லாத மான்கள் துப்பாக்கியில் சாகும். வில்லை உள்ளவை மட்டும் பிழைத்துக் கிடக்கும். ஆராய்ச்சிக்காரர்கள் கையில் இருக்கும் கணக்கு வில்லை உள்ளவற்றின் கணக்கு மட்டும்தானே? இந்த ஊரில் வேட்டையால் மான் சாவது குறைவு என்று அது பொய் சொல்லும். அடுத்த ஆண்டு எத்தனை மான் சுடலாம் என்று அனுமதி கொடுப்பவர்கள் அந்தப் பொய்யை நம்பித்தான் முடிவெடுப்பார்கள். பெரியவர் மானுக்கு இரக்கம் காட்டினார், ஆராய்ச்சியைக் காப்பாற்றுவதாகவும் நினைத்தார். ஆனால் காப்பாற்ற நினைத்ததையே அது கெடுத்திருக்கிறது.

மறுநாள் அவர் காபிக்கு வந்தபோது, மொத்தம் எத்தனை மான் இருக்கிறது என்ற கணக்கும் இப்படித்தான் கெடும் என்று ஊரிலிருந்து கொண்டுபோன பருப்பைக் கொண்டு காட்டினேன். ஒரு பாத்திரம் நிறையத் துவரம்பருப்பு. அதில் எண்ணி ஐம்பது கறுப்பு உளுந்தைப் போட்டுக் கலந்தேன். உளுந்துதான் வில்லை போட்ட மான். கண்ணை மூடி ஒரு கரண்டி அள்ளச் சொன்னேன். மேசையில் கொட்டி மகளும் நானும் எண்ணினோம். சுமார் இருநூறு, அதில் ஐந்து உளுந்து. இருநூற்றில் ஐந்து என்றால் நாற்பதில் ஒன்று. மொத்தம் ஐம்பது உளுந்து இருப்பது தெரியும், ஆகவே பாத்திரத்தில் இரண்டாயிரம் இருக்கும். “இப்ப நேத்து நீங்க செஞ்சதைச் செய்யுங்க” என்றேன். அவர் ஒரு கணம் புரியாமல் பார்த்தார். பிறகு ஐந்து உளுந்தில் மூன்றைப் பொறுக்கி, தானாகவே பாத்திரத்தில் திருப்பிப் போட்டார். மேசையில் மிச்சம் இரண்டு. கணக்குப் போட்டால் பாத்திரத்தில் இருப்பது ஐயாயிரத்தை நெருங்குகிறது. பாத்திரம் அதே பாத்திரம், பருப்பும் அதே பருப்பு. அவர் பாத்திரத்துக்குள்ளே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. டென்மார்க்கில் பீட்டர்சன் என்பவர் 1890களில் மீனுக்கு அடையாளம் போட்டு இப்படி யோசித்தார். 1930இல் அமெரிக்காவில் ஃபிரெடரிக் லிங்கன் என்பவர் வாத்துகளின் காலில் வளையம் மாட்டி, வேட்டைக்காரர்கள் திருப்பி அனுப்பும் எண்களை வைத்து நாடு முழுக்க எத்தனை வாத்து என்று கணக்குப் போட்டார். வேட்டையாடுகிறவர் நேர்மையாக எழுதிப் போட்டால்தான் அந்தக் கணக்கு நிற்கும். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு என்று மாப்பிள்ளை சொன்னார். வளையம் உள்ள வாத்தைச் சுடுவதைப் பெருமையாக நினைத்து, அந்த வளையங்களைக் கழுத்துக் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொள்பவர்கள் அங்கே இருக்கிறார்களாம். கூட்டத்தில் வளையம் மின்னும் வாத்தாகப் பார்த்துச் சுட்டாலும் கணக்குக் கெடும், இந்த முறை மறுபக்கமாக.

பெரியவர் ஒப்புக்கொண்டார், ஆனால் முழுதாக இல்லை. “யாரோ அதைக் கையில் பிடிச்சிருக்காங்க. காதைத் தொட்டிருக்காங்க. அப்புறம் அது எனக்குப் பழைய மான் இல்லை” என்றார். அந்தச் சொல் எனக்கு நன்றாகப் புரிந்தது. வில்லை மாட்டுகிறவளுக்குப் புரியாமல் எப்படி இருக்கும்? கன்றின் காதைப் பிடித்தால் முதலில் சூடு தெரியும். விரலால் தடவினால் உள்ளே இரண்டு நரம்பு விம்மி ஓடுவது தெரியும். அவற்றுக்கு நடுவே, குருத்தெலும்பு தடித்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிக் குறி பார்க்க வேண்டும். இடுக்கியை அழுத்தினால் ‘டக்’. கன்று தலையை ஒருமுறை உதறும், சில சமயம் கடுகளவு ரத்தம் வரும். ஈ மொய்க்காமல் இருக்க வேப்பெண்ணெய் தடவி விடுவோம். அவ்வளவு நேரமும் அதன் மூச்சு நம் கையில் படும். அப்புறம் அது நமக்கும் வேறு கன்றுதான்.

ஆனாலும் நான் சொன்னேன். காதில் மாட்டியது உரிமைச் சீட்டு இல்லை, ஒரு கேள்வி. மானிடம் கேட்க முடியாததால் அதன் காதில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். சுட்டவர்தான் பதில் சொல்ல முடியும். கேள்வி என்ன என்று பார்த்துத்தான் பதிலும் இருக்க வேண்டும். இதை நான் பிடிவாதமாகச் சொல்லக் காரணம், எல்லா ஊரிலும் கேள்வி ஒன்றல்ல. பக்கத்து மாநிலம் மின்னசோட்டாவில் கரடிக்குப் பட்டையும் காதில் பளிச்சென்ற பெரிய வில்லையும் போடுகிறார்கள். அங்கேயும் சுடுவது குற்றமில்லை. ஆனால் துறையே வேட்டைக்காரர்களிடம் ‘தயவுசெய்து இவற்றைச் சுடாதீர்கள்’ என்று கேட்டுக்கொள்கிறது. அங்கே பட்டை போட்டவை கொஞ்சம்தான். ஒவ்வொரு கரடியையும் குளிர்கால வளைக்குள் போய்ப் பார்த்து, எத்தனை குட்டி போட்டது, எவ்வளவு எடை என்று வருடக்கணக்காக எழுதுகிறார்கள். ஒன்று செத்தால் பத்து, இருபது வருட ஏடு பாதியில் மூடிவிடும். அப்படி வாழ்ந்த ஒரு பெண்கரடிக்கு 56 என்று எண். 1981இல் ஏழு வயதில் பட்டை போட்டார்கள். 2013இல் வயதாகித்தான் செத்தது, அப்போது அதற்கு முப்பத்தொன்பதரை வயது. காட்டில் வாழ்ந்த கருங்கரடிகளில் அதைவிட அதிக வயது எதற்கும் அதுவரை தெரிந்ததில்லை. முப்பது வருடத்துக்கும் மேலாக எத்தனை வேட்டைக்காரர்கள் அதைப் பார்த்துத் துப்பாக்கியை இறக்கியிருப்பார்கள்! அவர்கள் செய்தது சரி. இங்கே பெரியவர் செய்தது, நோக்கம் நல்லதே ஆனாலும், சரியில்லை. இரண்டுக்கும் வித்தியாசம், வில்லை மாட்டியவர் என்ன கேட்டார் என்பதுதான்.

இன்னொன்று, சாப்பாட்டு விஷயம். பிடிக்கும்போது சில விலங்குகளுக்கு மயக்க ஊசி போடுவார்கள். மருந்து உடம்பை விட்டுப் போகும்வரை இறைச்சி சாப்பிடக் கூடாது. அதனால்தான் வேட்டைக் காலத்துக்கு வெகு முன்னாலேயே பிடிப்பதை முடித்துக்கொள்கிறார்கள். சில மாநிலங்களில் வில்லையிலேயே ‘உண்ணுமுன் இந்த எண்ணுக்குப் பேசவும்’ என்று அச்சடித்திருக்கும். நாமும் மடிநோய்க்கு மருந்து ஏற்றிய மாட்டின் பாலைச் சில நாள் சொசைட்டிக்கு ஊற்றாதே என்று சொல்கிறோம் அல்லவா, அதே நியாயம். இந்த மெலிவு நோய்க்கும் மானின் தலையைக் கொடுத்துச் சோதித்துக்கொள்ள அங்கே ஏற்பாடு இருக்கிறது. நோய் இருப்பதாக முடிவு வந்தால் அந்தக் கறியைச் சாப்பிட வேண்டாம் என்பதுதான் சுகாதாரத் துறையின் அறிவுரை.

2020 ஜனவரியில் ஊருக்குத் திரும்பினேன். பெட்டியை இறக்கி வைத்த அன்றே ஆயாவின் சாவிக்கொத்தைத் தேடினேன்.

எங்கள் சொந்த ஊர் பெருமாள் ஏரிக் கரையில். என் தாத்தாவிடம் முன்பக்கம் மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. மார்கழி, தை மாதங்களில் ஏரியில் வாத்துகள் கருகருவென்று இறங்கும். கிளுவை, சிறகி, ஊசிவால் வாத்து. விடியற்காலையில் போய் இரண்டு மூன்று அடித்து வருவார். அப்போது ஊரில் அதைக் குற்றமாக யாரும் நினைத்ததில்லை. எனக்கு ஆறு வயதிருக்கும், 1969 வாக்கில் என்று வைத்துக்கொள்ளலாம். ஒருநாள் ஆயா வாத்தைச் சுடுதண்ணீரில் முக்கி இறகு பிடுங்கும்போது காலில் ஒரு வளையம் இருந்தது. லேசான வெள்ளை உலோகம், அலுமினியம். சுற்றிலும் பொடி எழுத்து. தாத்தா அதைப் பிரித்தெடுத்துக்கொண்டு வாத்தியாரிடம் போனார். வாத்தியார் படித்துவிட்டு, “பம்பாய்க்குத் தெரியப்படுத்தச் சொல்லி இங்கிலீஷ்ல எழுதியிருக்கு, கூட ஒரு நம்பரும் இருக்கு” என்றார்.

தாத்தா பயந்துவிட்டார். பம்பாயில் யாரோ ஒரு பெரிய மனிதர் வளர்த்த வாத்து, அதைத் தான் அடித்துவிட்டோம் என்று அவர் முடிவு செய்துகொண்டார். சர்க்கார் ஆள் தேடி வருவான், துப்பாக்கியைப் பிடுங்கிக்கொள்வான். வாத்தியாரிடம் வெளியே சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு வளையத்தை ஆயாவிடம் கொடுத்தார். ஆயா அதை இடுப்பில் செருகும் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டாள். அடுத்த முப்பது வருடம் நெற்குதிர் சாவி, பெட்டிச் சாவி, பின்கட்டுச் சாவியோடு அது உரசிக்கொண்டே இருந்தது. சின்ன வயதில் ஆயா மடியில் உட்கார்ந்து அந்த வளையத்தை விரலில் போட்டுப் பார்ப்பேன். பெரிதாக இருக்கும், கழன்று விழும்.

காதில் வில்லை இருந்தால் யாருடையதோ என்று நான் நினைத்ததும், காலில் வளையம் இருந்தால் யாருடையதோ என்று என் தாத்தா பயந்ததும் ஒன்றேதான். மவுண்ட் ஹோரெப்பில் அந்தப் பருப்புப் பாத்திரத்தின் முன்னால்தான் எனக்கு அது உறைத்தது.

அந்த வளையம் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினுடையது. 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பறவையியல் அறிஞர் சாலிம் அலி தலைமையில் அவர்கள் பெரிய அளவில் பறவைகளுக்கு வளையம் மாட்டத் தொடங்கினார்கள். வலசைப் பறவைகள் நோய் கொண்டு வருகின்றனவா என்று பார்ப்பது அதில் ஒரு கேள்வி. எங்கிருந்து வருகின்றன, எந்த வழியில் போகின்றன என்பது இன்னொன்று. ராஜஸ்தானின் பரத்பூரில் வளையம் மாட்டிய வாத்துகள் வடக்கே சைபீரியா வரை போகின்றன என்று நமக்குத் தெரிந்தது, அங்கே அவற்றைச் சுட்டவர்கள் எண்ணைப் பார்த்து எழுதிப் போட்டதால். முன்பின் தெரியாத ஒருவர், பனியில் நின்று, செத்த வாத்தின் காலிலிருந்த எண்ணைப் படித்து, ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். என் தாத்தாவுக்கு அப்படி ஒருவர் எடுத்துச் சொல்ல வாய்க்கவில்லை. ஐந்து பைசாவோ பத்து பைசாவோ, ஒரு கார்டு. அந்த வாத்துக்கு எங்கே வளையம் மாட்டினார்கள், எந்தத் தேதியில், பெருமாள் ஏரிக்கு வர எத்தனை நாள் ஆயிற்று, எல்லாம் அந்தக் கார்டோடு போய்விட்டது.

சாவிக்கொத்து பரண் மேல் கிடைத்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ‘பம்பாய்’ என்ற சொல்லில் முதல் மூன்று எழுத்து தெரிகிறது. எண்ணில் முதலில் ஒரு எழுத்து, அப்புறம் இரண்டு இலக்கம். அதற்குப் பிறகு வழவழவென்று தேய்ந்துவிட்டது. தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்தும் பார்த்தேன். கறுப்புதான் வந்தது.

அதற்குப் பிறகு என் வேலையில் எனக்கு ஒரு கண்டிப்பு வந்தது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நானும் ஒரு தவறு செய்திருக்கிறேன். 2019 செப்டம்பரில் கோமாரி நோய்க்கான தேசியத் திட்டம் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு மாட்டுக்கும் பன்னிரண்டு இலக்க எண்ணுள்ள மஞ்சள் வில்லை. தடுப்பூசி போட்டால் அந்த எண்ணில் பதிய வேண்டும். ஒரு சுற்றில், இருட்டிவிட்ட நேரம், ஒரு வீட்டு வாசலில் நின்று “மூணும் இருக்கா?” என்று கேட்டேன். “இருக்கும்மா, போட்டாச்சு, நம்பர் எழுதிக்குங்க” என்று அந்த வீட்டு அம்மா எண்களைப் படித்தார். எழுதிக்கொண்டேன். அடுத்த முறை பகலில் போனபோதுதான் பார்த்தேன், திண்ணைத் தூணில் ஓர் ஆணி, அதில் மூன்று மஞ்சள் வில்லைகள் மாலை மாதிரித் தொங்கின. ஒரு மாடு சந்தையில் விற்றது. ஒன்று கன்று போடும்போது செத்தது. ஒன்றுக்கு வேலியில் மாட்டிக் காது கிழிந்து வில்லை விழுந்துவிட்டது. எண் இருக்கிறது, மாடு இல்லை. நான் ஆணிக்குத் தடுப்பூசி போட்டதாகப் பதிந்திருக்கிறேன். நாளைக்கு அந்த ஊரில் கோமாரி வந்தால், இத்தனை மாடு பாதுகாப்பாக இருக்கிறது என்று என் கணக்கு பொய் சொல்லும்.

அன்று இரவே அந்த மூன்று எண்களையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். விற்றதை விற்றது என்றும், செத்ததைச் செத்தது என்றும் எழுதினேன். அதற்கப்புறம் ஓய்வு பெறும்வரை காதைக் கையில் பிடித்துப் பார்க்காமல் ஒரு எண்ணையும் எழுதவில்லை. மாடு செத்தால் காப்பீட்டுக்காக வில்லையோடு காதை அறுத்துக் கொண்டுவந்து காட்டுகிறார்களே, காப்பீடு இல்லாத மாடு செத்தாலும் எனக்கு ஒரு போன் பண்ணுங்கள் என்று எல்லா வீட்டிலும் சொல்லி வைத்தேன். “செத்த மாட்டு நம்பர் எதுக்கு டாக்டரம்மா?” என்று கேட்பார்கள். உயிரோடு இருக்கும் மாட்டின் நம்பர் மாதிரியே அதுவும் வேண்டும் என்பேன். பாதிப் பேர் போன் செய்தார்கள். அதுவே பெரிது.

நம் ஊரில் வேட்டைப் பேச்சுக்கே இடமில்லை. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1991 திருத்தத்தோடு வேட்டை அநேகமாக முழுதும் நின்றது. நிற்க வேண்டியதுதான். பெருமாள் ஏரி என் கண் முன்னே தூர்ந்து போனதைப் பார்த்தவள் நான். வருகிற கொஞ்சநஞ்ச வாத்தை வலை போட்டும் விஷம் வைத்தும் பிடிப்பவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் தாத்தாவின் பயம் இன்னும் போகவில்லை. தாழங்குடாவிலோ தேவனாம்பட்டினத்திலோ செத்த ஆமை கரை ஒதுங்கினால், துடுப்பில் எண் போட்ட தகடு இருந்தால், வம்பு எதற்கு என்று தூக்கிக் கடலில் போட்டுவிடுவார்கள். வலையில் சிக்கிச் செத்த பறவையின் காலில் வளையம் இருந்தாலும் அப்படித்தான். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தகட்டைப் போட்டோ எடுங்கள், எண் தெளிவாகத் தெரியட்டும். இடம், தேதி எழுதி வனத்துறைக்கோ, வளையத்தில் உள்ள முகவரிக்கோ சொல்லுங்கள். கேட்பவர்கள் உங்களைப் பிடிக்கக் கேட்கவில்லை. அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள்.

உயிருள்ளதைத் தொடாமலே பதில் சொல்லவும் இப்போது வழி இருக்கிறது. மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டிய வரித்தலை வாத்துகளின் எண்ணைக் கர்நாடக ஏரிக்கரைகளில் நின்று தொலைநோக்கியிலேயே படித்திருக்கிறார்கள். புதுச்சேரிப் பக்கத்து ஊசுட்டேரியில் ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம், காலையும் ஒரு படம் எடுங்கப்பா என்று சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

பெரியவர் 2020 நவம்பரில் ஒரு கடாமான் சுட்டார். காதில் வில்லை இருந்தது. பட்டை இல்லை. வில்லையில் இருந்த எண்ணுக்கு அன்றே பேசியிருக்கிறார். அது குட்டியாக இருந்தபோது எந்தப் பண்ணைப் புல்வெளியில் பிடித்தது, அன்றைக்கு என்ன எடை என்று சொன்னார்களாம். அவர் சுட்ட இடத்திலிருந்து நாலு மைல்தான். தலையைச் சோதனைக்குக் கொடுத்தார், நோய் இல்லை என்று வந்தது. வில்லையைப் பிஸ்கட் டப்பாவில் மாடுகளின் வில்லைகளோடு போட்டு வைத்திருப்பதாக மகள் படம் அனுப்பினாள்.

நான் பதிலுக்கு ஆயாவின் வளையத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நாளில் அவரிடமிருந்து வந்த பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. தேய்ந்துபோன வாத்து வளையங்களை அமில மருந்தில் நனைத்து எண்ணைத் திரும்ப எடுக்கிறார்கள், அவர் நாட்டுப் பறவை வளைய ஆய்வகத்திலேயே அது வழக்கம் என்றார். எண்ணை அச்சுக் குத்தும்போது மேலே பள்ளம் விழுவதோடு அடியில் இருக்கும் உலோகமும் இறுகிவிடுகிறது. மேலே தேய்ந்தாலும் அடியில் அந்த இறுக்கம் இருக்கும். அமிலம் அந்த இடத்தை வேறு விதமாக அரிக்கும், அப்போது இலக்கம் நிழல் மாதிரி எழும்பித் தெரியும்.

சொந்தத்தில் ஒரு தம்பி கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறான். இவ்வளவு நாள் இதை யாரிடமும் கொடுக்க மனம் வராமல் தீப்பெட்டியில் பஞ்சு வைத்து மூடியிருந்தேன். போன வாரம் அவனிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “செய்யலாம் அக்கா. ஆனா ஒரு தரம் தப்பிட்டா மறுபடி கிடைக்காது. முதல்ல வேற அலுமினியத்துல பழகிப் பாக்கணும். பழைய ரெண்டு பைசா காசு இருந்தா கொண்டா, வருஷத்தை உப்புத்தாள்ல தேய்ச்சு அழிச்சுட்டு, மறுபடி வருதான்னு பாப்போம்” என்றான்.

ஆயாவின் சுருக்குப்பையைக் கொட்டித் தேடினேன். நாலு காசு கிடைத்தது. அதில் 1971 போட்டது ஒன்றை நாளைக்கு எடுத்துக்கொண்டு போகிறேன்.